பழைய எஸ்டீம், ஸ்பீடுவினோ, பொய் சொல்லும் சென்சார்கள்

மாருதி எஸ்டீம் காரில் கம்பெனி இசியூவை, அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு ஸ்பீடுவினோ மாட்டியிருக்கிறேன் என்று சொன்னால் வியாசர்பாடியில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "பிக்கப் எவ்ளோ ஏறிச்சு?" ஏறவில்லை. 1298 சிசி, டர்போ கிடையாது, புதிதாக விற்றபோதே 85 குதிரைத்திறன். இதில் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி அள்ளிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. டர்போ வண்டி என்றால் பூஸ்ட்டை (டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தத்தை) ஏற்றி நிஜமாகவே பவர் எடுக்கலாம், டர்போ இல்லாத சின்ன வண்டிக்கு சாஃப்ட்வேர் மாற்றத்தை "ஸ்டேஜ் ஒன்" என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் இதில் இறங்கியது எஞ்சின் எப்படி யோசிக்கிறது என்று பார்க்க. கம்பெனி இசியூ ஒரு மூடிய டப்பா, அதற்குள் போக வேண்டுமென்றால் தனி கருவி வேண்டும், எழுதும்போது நடுவில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் டப்பாவே செத்துப்போகலாம். ஸ்பீடுவினோ அப்படியில்லை. ஆர்டுவினோ மெகா என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டை வைத்துச் செய்த திறந்த மூல இசியூ, லேப்டாப்பில் ட்யூனர் ஸ்டூடியோ என்கிற சாஃப்ட்வேரைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணும் கண்முன்னால் நிற்கும், எஞ்சின் ஓடும்போதே மாற்றலாம். போர்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது, கனெக்டர்களும் ஒயரும் புதுப்பேட்டையில். பழைய இசியூவை பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் திரும்ப மாட்டிவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக ஆரம்பிக்கிற எல்லாருக்கும் கை போகிற இடம் விஇ டேபிள், அதாவது சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்று சொல்லும் அட்டவணைதான். ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் மேனிஃபோல்டு (காற்று எஞ்சினுக்குள் போகும் குழாய்) அழுத்தம், நடுவில் கட்டம் கட்டமாக எண்கள். அந்த எண்ணைப் பெட்ரோல் அளவு என்று நினைக்கிறோம், அது காற்றைப் பற்றிய எண். என் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சுமார் 325 சிசி. 35 டிகிரி சூட்டில், 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், அதற்குள் அடங்கவேண்டிய காற்று சுமார் 0.37 கிராம். அதில் 80 சதவீதம்தான் உள்ளே போகிறது என்றால் 0.29 கிராம். அந்த 80தான் டேபிளில் எழுதும் எண். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று வைத்தால் ஒரு வெடிப்புக்கு 20 மில்லிகிராம் வருகிறது. நிமிடத்துக்கு 200 சிசி ஊற்றும் இன்ஜெக்டர் என்றால் அதைச் சுமார் 8 மில்லிசெகண்ட் திறந்து வைக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு, பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதியும் ஒரு வகுத்தலும்.

வம்பு எங்கே என்றால், இந்தக் கணக்குக்குள் போகிற ஒவ்வொரு அளவும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தப்பெல்லாம் கடைசியில் விஇ டேபிளில் வந்து உட்கார்ந்துகொள்ளும், மாசக் கணக்கில் இடிக்கிற காசை "இதர செலவு" என்று எழுதி நேர் செய்கிற மாதிரி. அன்றைக்கு வண்டி நன்றாக ஓடும், நாளைக்கு வெயில் மாறினால் இருமும்.

இன்ஜெக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் கொடுத்த நொடியே அது திறந்துவிடாது, திறக்கச் சுமார் ஒரு மில்லிசெகண்ட் ஆகும், அந்த நேரத்தில் பெட்ரோல் வராது. அதை டெட் டைம் என்கிறார்கள். இதில் 0.2 மில்லிசெகண்ட் தப்பாகப் போட்டால் முழு த்ராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால்), 8 மில்லிசெகண்டில், இரண்டரை சதவீதம்தான் வித்தியாசம், யாருக்கும் தெரியாது. ஐடிலிங்கில் இன்ஜெக்டர் நிஜமாக ஊற்றுவதே 2 மில்லிசெகண்டுக்குக் குறைவாக, அங்கே அதே 0.2 பத்து சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வோல்டேஜ் குறையக் குறைய டெட் டைம் கூடும் என்பது இன்னொரு தலைவலி. ஹெட்லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் மூன்றும் ஓடும்போது ஐடிலிங் நடுங்கினால் பெரும்பாலான ஆட்கள் ஐடில் கட்டங்களில் பெட்ரோலை ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ் கரெக்ஷன், அப்புறம் எர்த் ஒயர்.

அடுத்தது நம்ம ஏரியாவுக்கென்றே செய்த பிரச்சினை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் வண்டிகளுக்குப் பின்னால் மே மாத மத்தியானத்தில் நின்றிருப்பவர்களுக்குத் தெரியும், பானட் மேல் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் சேர்ந்து வெந்துபோகிறது. உள்ளே போகும் காற்று 38 டிகிரி, சென்சார் 60 என்கிறது என்று வையுங்கள். சூடான காற்றில் கனம் குறைவு என்று நம்பி இசியூ பெட்ரோலை ஆறேழு சதவீதம் குறைத்துவிடும். வண்டி நகரும்போது ஒரு தடவை திக்கும், வேகம் எடுத்ததும் சரியாகிவிடும். இதற்கும் விஇ டேபிளுக்கும் சம்பந்தமே இல்லை. சென்சாரை மெட்டல் மேனிஃபோல்டிலிருந்து எடுத்து ஏர் ஃபில்டர் பக்கம் மாற்றினாலே பாதி குறைகிறது, மீதிக்கு எஞ்சின் சூட்டுக்கேற்ப கரெக்ஷன் வளைவைக் கொஞ்சம் தணிக்க வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்கில் பிடிப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. மணலி ரிஃபைனரியைப் பார்த்தே வளர்ந்தாலும், எத்தனால் ரிஃபைனரியில் இல்லை, ஆயில் டெர்மினலில்தான் கலக்கிறார்கள் என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்றால் இந்தக் கலவைக்குச் சரியான விகிதம் சுமார் 13.5. சைலன்ஸர் புகையை வைத்துக் கலவையைச் சொல்லும் வைட்பேண்ட் மீட்டர் அளப்பது லாம்டாவை (கலவை சரியாக இருந்தால் 1, பெட்ரோல் கூடினால் அதற்குக் கீழே), அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே டாங்க்கில் எது இருந்தாலும் சரியான கலவைக்கு மீட்டர் 14.7 என்றேதான் சொல்லும். இந்தக் குழப்பமே வேண்டாம், மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள். நிதானமாக ஓட்டும்போது 1, முழு த்ராட்டிலில் 0.85 முதல் 0.9 வரை. கம்பெனி சென்சார் நாரோபேண்ட், ஒன்றுக்கு மேலேயா கீழேயா என்று மட்டும்தான் சொல்லும், ட்யூனிங்குக்கு அது பத்தாது.

ஷெட் வைத்திருக்கிற அண்ணனுக்கு இந்த மீட்டரெல்லாம் வேடிக்கை. அவர் கார்புரேட்டர் காலத்து ஆள், சோழவரத்தில் அந்த இரண்டாம் உலகப்போர் ரன்வேயில் ரேஸ் நடந்தபோது ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) மாற்றியவர்களிடம் தொழில் கற்றவர். 1990ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது, அவருக்கு இன்னும் சோழவரம்தான். ஆனால் இக்னிஷனில் அவர் சொன்னதற்கு மேல் எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. க்ராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது, எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று இசியூவுக்குக் காட்ட) மாட்டி, சாஃப்ட்வேரில் டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எவ்வளவு முன்னால் ஸ்பார்க் அடிப்பது என்பதை, 10 டிகிரியில் நிறுத்தி வைத்திருந்தேன். "தம்பி, லேப்டாப்புல பத்துன்னு போட்டா போதுமா, புல்லியும் பத்துன்னு சொல்லணும்ல, லைட்ட புடி" என்றார். ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டில் புல்லிக் குறியைப் பார்த்து, சாஃப்ட்வேரில் பல் சக்கரத்தின் நிலையைச் சொல்லும் ட்ரிகர் ஆங்கிளைத் திருத்தி, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் மேற்கொண்டு போனோம். பெட்ரோல் கொஞ்சம் கூடினால் கரி படியும், டைமிங் கூடினால் நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) வந்து பிஸ்டனே ஓட்டையாகும். ஆரம்பிக்கிறவர்கள் இக்னிஷன் டேபிளைக் கம்மியாக வைத்துவிட்டு, டைனோ (எஞ்சின் பவரை அளக்கும் மெஷின்) கிடைக்கும்வரை தொடாமல் இருப்பதுதான் நல்லது.

ஓடும்போது வரும் அளவுகளை லேப்டாப்பில் பதிய, அதாவது லாக் எடுக்க, மீஞ்சூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோடு, விடியற்காலையில். மூன்றாவது கியர், த்ராட்டிலை ஒரே இடத்தில் பிடித்தபடி, லேப்டாப் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் மடியில். ஓட்டிக்கொண்டே ஸ்க்ரீனைப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்துதான் டேபிளைத் திருத்துவேன். ஒரு கட்டத்தில் வெறும் நாலைந்து அளவுகள்தான் விழுந்திருந்தால் அதை நம்பாமல் பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துச் சமன்செய்கிறேன்.

இப்போது நான் சிக்கி நிற்பது கோல்ட் ஸ்டார்ட்டில். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருந்தால்தான் அது கோல்ட் ஸ்டார்ட், ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்புதான். அதற்கான டேபிளில் மைனஸ் டிகிரிக்கெல்லாம் கட்டம் இருக்கிறது, சென்னையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிதான், அதற்குக் கீழே இருக்கிற எண்களை எப்படிச் சோதிப்பது? ஊட்டிக்குத்தான் போக வேண்டும், அங்கே 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, அதற்கேற்ப பெட்ரோலைத் திருத்தும் பாரோ கரெக்ஷனையும் அப்படியே பார்த்துவிடலாம். வீட்டில் இதை டூர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.