டே ஆற்றில் ஒரு சனிக்கிழமை

மார்ச் கடைசி வாரம். ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் பக்கம், டே ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நானும் நண்பனும். 1922-ல் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் தூண்டிலில் 64 பவுண்டு சால்மன் மீன் பிடித்தது இதே ஆற்றில்தான். நூறு வருஷம் தாண்டியும் அதை முறியடித்தவர் பிரிட்டனில் இல்லை!

15 அடித் தூண்டில் கோலை இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டும். முள்ளில் புழு கிடையாது, இறகும் முடியும் சுற்றிய செயற்கைப் பூச்சிதான். கடலிலிருந்து ஆறேறி வந்த சால்மன் இரையெடுப்பதில்லை. பசியில்லாத மீனைச் சீண்டிக் கவ்வ வைக்கிற வேலை இது. வீசு, நீரோட்டத்தில் வளைய விடு, இரண்டடி நகர், மறுபடி வீசு. காலை முழுக்க இதேதான்.

மதியம் இரண்டு மணிக்கு நண்பனின் ரீல், அதாவது தூண்டில் நூல் சுற்றிய உருளை, அலறியது. கால்மணி நேரப் போராட்டம். வலையில் பார்த்தால், தேய்த்த வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி ஒரு மீன். முதுகில் மட்டும் நீலம்.

ஏப்ரல் பிறக்கும்வரை பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் விட்டிருப்போம், சால்மன் அவ்வளவு குறைந்துவிட்டது. வாலடியைப் பிடித்து, நீரோட்டத்தைப் பார்த்துத் தலையை வைத்துக் காத்திருந்தான். செவுள் இரண்டு தரம் விரிந்தது. ஒரே உதறல். அவன் முகமெல்லாம் தண்ணீர், கண்ணிலும்.