இரண்டு ஆன்டிவைரஸ்களுக்கு நடுவில் பதினொரு நாள்

பெரியவரின் கட்டை விரலில் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நவம்பர் 8-ஆம் தேதி என் கடைப் படியை இறங்கும்போது, "ரேகை தேய்ந்துவிட்டது தாயி, இனி இந்த விரல் எதற்கும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் போனார். குறை முழுவதும் என் மடிக்கணினிக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்குப் பதினொரு நாள் ஆனது. அத்தனை நாளும் ஒரு வயதான மனிதர் தன் கையைச் சந்தேகித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாரே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாம்பனில் சிறிய கணினி மையம் நடத்துகிறேன். ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், ஒரு விரல்ரேகைக் கருவி, அவ்வளவுதான் கடை. மீனவர் நலவாரிய விண்ணப்பம், பட்டா நகல், ரயில் டிக்கெட் என்று வருடம் முழுவதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். நவம்பர் பிறந்தால் ஓய்வூதியர்கள் விரல்ரேகை வைத்து உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்கள் அந்த மாதத்துக்குள் சான்று கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதத்தில்தான் இந்தக் கரையில் அடித்துப் பெய்யும். ஆகவே அக்டோபர் கடைசியிலேயே கணினியைத் தயார் செய்துவிடலாம் என்று ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து, 8 ஜி.பி. ரேம் கூட்டிப் போடச் சொன்னேன்.

ரேமைப் போட்டார்கள். நான் கேட்காத ஒன்றையும் சேர்த்துப் போட்டார்கள்: இரண்டாவதாக ஓர் ஆன்டிவைரஸ். காசு கொடுத்து வாங்கிய ஒன்று ஏற்கெனவே கணினியில் இருந்தது; அதன் கெடு முடிய இன்னும் ஐந்து மாதம் பாக்கி. அதைச் சொன்னேன். "இருக்கட்டும் அக்கா, இரண்டு பூட்டுப் போட்டால் திருடன் கிட்டே வரமாட்டான்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. 350 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து கணினி நகரவில்லை. ரேம் கூட்டியும் ஒரு சாதாரணக் கடிதத்தைத் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. மின்விசிறி வள்ளத்து எஞ்சின்போல இரைந்துகொண்டே இருந்தது. எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. பட்டியலின் உச்சியில் பழைய ஆன்டிவைரஸும் புதிய ஆன்டிவைரஸும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து "ஆபத்தான கோப்பு பிடிபட்டது" என்றது. எந்தக் கோப்பு என்று பார்த்தேன். புதிய ஆன்டிவைரஸ் அப்போதுதான் இறக்கிய அப்டேட் கோப்பு. அதைப் பழையது வைரஸ் என்று பிடித்து அடைத்திருந்தது. பத்து நிமிடம் கழித்துப் புதியதிலிருந்து இன்னொரு கட்டம்: பழையது அடைத்து வைத்திருந்த அறையிலேயே வைரஸ் இருக்கிறதாம்.

இது ஏன் நடக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. ஆன்டிவைரஸ் என்பது நாம் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் நமக்கு முன்னால் திறந்து சோதிக்கும் காவலாள். இரண்டு பேர் நின்றால், ஒருவர் சோதிக்கத் திறப்பதையே மற்றவர் சோதிக்கிறார். வைரஸ்களை அடையாளம் காண ஒவ்வொன்றும் அவற்றின் அங்க அடையாளங்களைத் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும்; அடுத்தவர் கண்ணில் அதுவே வைரஸாகத் தெரியக்கூடும். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று நம் வீடுகளில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். வேகம் குறைவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. எந்த நிரல் யாரோடு பேசலாம் என்று தடுத்துப் பார்க்கும் ஃபயர்வால் என்ற வேலியும் ஒவ்வொன்றிலும் உண்டு; இரண்டின் ஃபயர்வால்களும் தனித்தனியாக வழி மறிக்கின்றன. என் தலையில் விழுந்த இடி அங்கேதான்.

8-ஆம் தேதி வந்த பெரியவர் பாம்பன் ரயில் பாலத்தில் வேலை பார்த்தவர். 1914-இல் திறந்த அந்தப் பழைய பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியை ஆட்கள்தான் நெம்புகோலைச் சுற்றிக் கையால் திறப்பார்கள். அந்த ஆட்களில் அவரும் ஒருவர். உள்ளங்கை பலகைபோல இருக்கும். கட்டை விரலைத் துண்டில் துடைத்துவிட்டுக் கருவியின் கண்ணாடியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரியவில்லை. "கருவி தயாராக இல்லை" என்று வந்தது. மறுபடி துடைத்து வைத்தார். மூன்றாம் முறை என்னைக் கேட்காமலே எழுந்து வாசல் குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து, ஈரம் காயும்வரை விரலை ஊதிக்கொண்டு நின்றார். அப்போதும் விளக்கு எரியவில்லை.

முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வழியும் கைபேசியில் இருக்கிறது. விரல்ரேகை விழாதவர்களுக்கு அது பெரிய உதவி. முதியவர்கள் உள்ள வீடுகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் கண்புரை அறுவை சிகிச்சை முடித்து நான்காம் நாள் வந்திருந்தார். கண்ணில் போட்ட கட்டைப் பிரிக்கக் கூடாது. செயலியோ கண்ணை இமைக்கச் சொல்கிறது. "கட்டு பிரித்த பிறகு வாருங்கள் ஐயா, பார்க்கலாம்" என்றேன். விளக்கே எரியவில்லை என்றால் அது விரலின் குற்றமாக இருக்க முடியாது என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவர் விரலைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்று மாலைக்குள் இன்னும் ஆறு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் மழையோடு மடிக்கணினியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ராமநாதபுரம் போனேன். பாலத்தின் மேல் காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளியது. போய்ச் சேர்ந்தால் கடைக்காரர் வெளியே போயிருந்தார். இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்தார். "ஃபார்மேட் அடித்துவிடலாம் அக்கா, 600 ரூபாய்" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது அது. நீங்கள் போட்ட இரண்டாவது ஆன்டிவைரஸால்தானே வந்தது என்று கேட்டேன். "அப்படியெல்லாம் இருக்காது, உங்கள் கருவிதான் பழசு" என்றார். எட்டு வருட வேலையும் அந்தக் கணினிக்குள் இருக்கிறது. நகல் எடுக்காமல் ஃபார்மேட் செய்யச் சம்மதிக்க முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு நாள் கடை வருமானமும் பஸ் காசும் தண்ணீரில் போனது.

அடுத்து உதவி எண்கள். பழைய ஆன்டிவைரஸ் நிறுவனத்தில் நாற்பது நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். "வேறு நிறுவனத்தின் மென்பொருள் இருக்கும்வரை எங்களால் எதுவும் செய்ய முடியாது, அவர்களைக் கேளுங்கள்" என்றார். அவர்களைக் கேட்டேன். அவர்களும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். தொலைவிலிருந்து கணினியைப் பார்க்கிறோம் என்று ஒருவர் முயன்றார். அந்த இணைப்பை மற்றதன் ஃபயர்வால் வெட்டிவிட்டது. பணம் வாங்கும்போது இரண்டு நிறுவனங்களுக்கும் நான் வாடிக்கையாளர். பிரச்சினை என்று வந்ததும் யாருக்கும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. உதவி எண்ணைத் தேடியபோது தேடலில் முதலாவதாக வந்த எண்ணுக்குத்தான் முதலில் அடித்தேன். உடனே எடுத்தார்கள், மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். ஒரு செயலியை ஏற்றச் சொன்னார்கள், பதிவுக்குப் பத்து ரூபாய் கட்டச் சொன்னார்கள், பிறகு ஓ.டி.பி.யைக் கேட்டார்கள். அந்த இடத்தில் போனை வைத்துவிட்டேன். உதவி எண்ணை வாங்கிய பெட்டியிலிருந்தோ, மென்பொருளுக்குள் இருக்கும் உதவிப் பக்கத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். யாராவது ஏமாந்து பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இனி நானே பார்ப்பது என்று உட்கார்ந்தேன். முதல் வேலையாக வாடிக்கையாளர் கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்கில் நகல் எடுத்தேன். இருந்த வேகத்தில் அதற்கே ஒரு இரவு போனது. பிறகு புதிய ஆன்டிவைரஸை நீக்கப் போனேன். கடவுச்சொல் கேட்டது. நீக்குவதற்குக் கடவுச்சொல்! சர்வீஸ் கடையில் வைத்திருக்கிறார்கள், என்னிடம் சொல்லவில்லை. அவர் போனை எடுக்க ஒன்றரை நாள் ஆனது. "ஓ, அதுவா அக்கா" என்று எண்ணைச் சொன்னார். சர்வீஸுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது, என்ன போட்டீர்கள், ஏதாவது கடவுச்சொல் வைத்தீர்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீக்கியது. ரீஸ்டார்ட் ஆனதும் இணையம் போய்விட்டது. மென்பொருள் போனாலும் அது இணையப் பாதையில் போட்டிருந்த சல்லடை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. சாதாரண முறையில் நீக்கினால் இப்படி மிச்சம் தங்குவது உண்டு. இதற்காகவே பல ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் துடைத்தெடுக்கும் தனிக் கருவி ஒன்றைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. என்னிடம் பேசிய நான்கு பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. கைபேசியில் இறக்கி, கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றினேன்.

அந்தக் கருவியை, விண்டோஸ் அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் ஓட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து உள்ளே போனால், நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். வழக்கமான வழியில் திறக்கும்போது நமக்கு அது தெரியவே தெரியாது. கணினியை முதன்முதலில் அமைத்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தோமோ அதில் அந்த எண் இருக்கும். என்னுடையதை அமைத்தவன் என் அக்காள் மகன், இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறான். இரவு பத்தரை மணிக்கு அவனை எழுப்பினேன். "சித்தி, ஆறு ஆறாகச் சொல்கிறேன், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்" என்றான். கணக்கு நோட்டின் பின்னட்டையில் எட்டு வரி எழுதினேன். ஐந்தாவது வரியில் 3-ஐ 8 என்று கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. திரை திறந்தபோது இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த எண்ணை இப்போதே, எல்லாம் நன்றாக இருக்கும்போதே, தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

துடைத்தெடுத்ததும் இணையம் வந்தது. கணினி பழைய வேகத்துக்குத் திரும்பியது. ஆனால் விரல்ரேகைக் கருவியின் விளக்கு மட்டும் எரியவில்லை. விரல்ரேகைக் கருவிக்கும் சான்று வாங்கும் செயலிக்கும் நடுவில் ஆர்.டி. சர்வீஸ் என்று ஒரு நிரல் ஓடுகிறது. அது கணினிக்குள்ளேயே 11100 முதல் 11120 வரை எண்ணிட்ட, போர்ட் எனப்படும் வாசல்களில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். சண்டை நடந்த நாட்களில் எப்போதோ பழைய ஆன்டிவைரஸின் ஃபயர்வால் அந்த நிரலைத் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது. பட்டியலிலிருந்து எடுத்தேன், மறுநாள் காலை திரும்ப அங்கேயே இருந்தது. போதும் என்று பழைய ஆன்டிவைரஸையும் அதற்கான துடைத்தெடுக்கும் கருவியைக் கொண்டே துடைத்துவிட்டேன். ஐந்து மாதக் கெடு போனது போகட்டும்.

ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகவே விழித்துப் பச்சைக் குறி காட்டியது. வெளி ஆன்டிவைரஸ் ஒன்று முறையாக ஏறும்போது அது ஒதுங்கிக்கொள்ளும், எடுத்துவிட்டால் தானே பொறுப்பேற்கும். இப்போதைக்கு என் கடைக்கு அது போதும். வேறு ஏதாவது வாங்கினால் முன்னது முழுவதும் போய்விட்டதா என்று விண்டோஸ் பாதுகாப்புப் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். ஆர்.டி. சர்வீஸையும் ஒரு முறை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

19-ஆம் தேதி மதியம் பெரியவரின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கட்டு பிரித்துக் கறுப்புக் கண்ணாடியோடு பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "முகத்தையே எடுத்துவிடு தாயி, விரல் வேண்டாம்" என்றார். "ஒரே ஒரு முறை வையுங்கள் ஐயா" என்றேன். துண்டில் துடைத்து வைத்தார். முதல் தடவையிலேயே விழுந்தது. சான்று எண்ணோடு குறுஞ்செய்தி பேரனின் கைபேசியில் மணியடித்தது.

நடந்ததைச் சொன்னேன், கணினியில்தான் கோளாறு, உங்கள் விரலில் இல்லை என்று. அவருக்கு ஆன்டிவைரஸ் எதுவும் புரியவில்லை. விரலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் ரேகை இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது ஐயா என்றேன். அன்று திருப்பி அனுப்பிய ஆறு பேரில் இரண்டு பேர் அவருடைய தெருவாம். சாயங்காலமே கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.