நோட்ஸுக்கு எட்டாத கேள்வி

"ஜகனின் குணவியல்புகளை விவரி." ஆங்கில இலக்கிய வகுப்பில், ஆர். கே. நாராயணின் 'த வெண்டர் ஒஃப் சுவீட்ஸ்' நாவலின் நாயகனான இனிப்புக் கடைக்காரர் பற்றி இப்படியொரு ஒப்படை கொடுத்தால் நாற்பது கொப்பிகளிலும் ஒரே விடைதான் வரும். காந்தியவாதி, எளிமையானவர், மகன்மேல் உயிரையே வைத்திருப்பவர். பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. விடை ரியூஷன் நோட்ஸில் இருக்கிறது, வட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, இப்போது சட்ஜிபிடியிலும் இருக்கிறது. எழுதி முடித்த விடை கையில் கிடைக்கும்போது யார் புத்தகத்தைத் திறப்பார்கள்?

மாற்ற வேண்டியது கேள்வியை. ஜகன் கதர் உடுத்துகிறார், உப்பையும் சீனியையும் விட்டவர், கடையில் இருந்தபடியே பகவத்கீதை வாசிப்பவர். அதே ஜகன்தான் மாலை ஆறு மணிக்குப் பிறகு வரும் காசைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்து வைக்கிறார். "அந்தக் காசை எண்ணும் இடத்தில் கதைசொல்லி ஜகனைக் கேலி செய்கிறாரா, பொறுத்துக்கொள்கிறாரா? அந்தப் பக்கத்துச் சொற்கள் இரண்டைக் காட்டி 150 சொற்களுக்குள் எழுதுக." இதற்கு எந்த நோட்ஸும் உதவாது. பக்கத்தைத் திறந்தே ஆகவேண்டும்.

150 சொல் என்பதற்கும் காரணம் உண்டு. 600 சொற்கட்டுரை ஒன்றைத் திருத்த எட்டு நிமிடம் என்று வைத்தாலே நாற்பது கொப்பிக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் போகும். கொப்பி திரும்பிவர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் எழுதிய பிள்ளைக்கே எழுதியது மறந்துவிடும். ஒரு பந்தி என்றால் மூன்று நிமிடம். மறுநாளே கொடுத்துவிடலாம். முழுக் கட்டுரை தவணைக்கு ஒன்று போதும், அதுவும் இப்படிப் பந்தி பந்தியாக எழுதிப் பழகிய பிறகு.

நடத்தும் முறை எளிது. நாவலிலிருந்து 12 முதல் 15 வரிகளைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுங்கள். 40 நிமிடப் பாடவேளையில் முதல் பத்து நிமிடம் பென்சிலால் கோடிடுவதற்கு. அடுத்த ஐந்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு, அது தமிழில் நடந்தாலும் பாதகமில்லை. ஆங்கிலம் தடக்குகிறதே என்று யோசனையும் நின்றுபோகக் கூடாது. பிறகு இருபது நிமிடம் கையெழுத்தில் முதல் வரைவு. மிச்ச நேரம் தாள் சேர்க்கவே சரியாகப் போகும். முதல் வரைவுக்குப் புள்ளி இல்லை. எங்கே விளங்கவில்லை என்று ஒரு கேள்வி மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டில் இரண்டாம் வரைவு எழுதி, இரண்டு தாளையும் சேர்த்துக் குத்தித் தர வேண்டும். இரண்டாவது தாளின் ஆங்கிலம் திடீரென்று பளபளத்தால் விசாரணை எல்லாம் தேவையில்லை. அதில் ஒரு வசனத்தைச் சுட்டி, "இதை வாயால் விளங்கப்படுத்துங்கோ" என்றால் போதும்.

பந்திக்குள் நாலு வேலை நடக்க வேண்டும்: ஒரு கருத்து, ஆறு சொல்லுக்கு மேற்படாத மேற்கோள், அந்தச் சொல் அங்கே என்ன செய்கிறது என்ற விளக்கம், கதையின் மற்றப் பகுதியோடு ஒரு தொடர்பு. விழுவது எப்போதும் மூன்றாவதில். இதற்குத் தமிழ் வகுப்புக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். "இங்கே உவமையணி பயின்று வந்துள்ளது" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துப் பழகிய கை, ஆங்கிலத்திலும் "த பொயெட் யூசஸ் எ சிமிலி" என்று எழுதி அங்கேயே நிற்கும். முதல் வரைவில் அணிகளின் பெயர் எதையும் எழுதக்கூடாது என்று தடை போட்டுப் பாருங்கள். பெயர் சொல்ல வழியில்லாதபோது, அந்த வரி வாசகரை என்ன செய்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மொழிப் பிழைகளில் நம் பிள்ளைகளுக்கென்றே சில உண்டு. 'ஆனாலும்' என்ற பழக்கத்தில் 'ஆல்தோ' போட்ட வசனத்தின் நடுவில் 'பட்' வரும். 'டோல்ட் தட்' என்று எழுதி, யாரிடம் சொன்னார் என்பதை விட்டுவிடுவார்கள். கதையை இறந்தகாலத்தில் திருப்பிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிகழ்காலத்துக்குத் தாவுவார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரவேண்டிய 'த' காணாமல் போவதைச் சொல்லவே வேண்டாம். ஒரு ஒப்படைக்கு இரண்டு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். தாள் முழுக்கச் சிவப்பானால் அதை யாரும் வாசிப்பதில்லை. 20 புள்ளியில் சான்றுக்கு 8, விளக்கத்துக்கு 6, மொழிக்கு 6 என்று பிரிக்கலாம். மொழிக்கு இதைவிடக் கூட்டினால் பிள்ளைகள் பிழை வராத சின்ன வசனங்களுக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

யஸ்மின் குணரத்னவின் 'பிக் மாட்ச் 1983' கவிதைக்கு இன்னும் கவனம் வேண்டும். கொழும்புத் தமிழ் வகுப்பில் அதைக் கொடுத்தால் வருவது பெரும்பாலும், 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த ஜூலைக் கலவரம் பற்றிய வரலாற்று அறிக்கை. கவிதை எங்கோ போய்விடும். கவிதை பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து தொடங்கவில்லை. பத்திரிகைத் தலைப்பைக் கண்டு அறைப் பதிவை இரத்துச்செய்யும் சுற்றுலாப் பயணிகளிடமிருந்து தொடங்குகிறது. ஏன் அவர்கள் முதலில் என்று மட்டும் கேளுங்கள். தலைப்பிலுள்ள பாடசாலைக் கிரிக்கெட் அடுத்த கேள்வி. வீட்டில் அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதும் பகுதியைச் சேர்ப்பதானால் அது விருப்பத்துக்கு உரியதாக இருக்கட்டும். வேறொரு கேள்வியும் பக்கத்தில் இருக்க வேண்டும். சில வீடுகளில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. புள்ளிக்காக அந்த மௌனத்தை உடைக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

கற்பனை ஒப்படையாக அமெரிக்காவில் இருக்கும் மகன் மாலிக்கு ஜகன் எழுதும் கடிதத்தைக் கேட்கலாம். மகனின் கடிதங்களை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுகிறவர், மாட்டிறைச்சி சாப்பிடுகிறேன் என்று வந்த கடிதத்தைப் படித்து ஆடிப்போகிறார். அந்த இரவு அவர் எழுதும் பதில் என்று நேரத்தைக் கட்டிவைக்காவிட்டால் "நான் நலம், நீ நலமா" என்றே பக்கம் நிரம்பும். நாவலிலிருந்து மூன்று விபரமாவது உள்ளே வரவேண்டும். கூடவே, எதை ஏன் எடுத்தேன் என்று 80 சொற்களில் ஒரு குறிப்பு. கடிதத்தைவிட அந்தக் குறிப்பில்தான் வாசிப்பு தெரியும்.

வருணனைக்குக் கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலைத் தலைப்பாகக் கொடுத்தால் சூரியன் மறையும், பட்டம் பறக்கும், எல்லோரும் மகிழ்வார்கள். பதிலாக அங்கே இஸ்ஸோ வடை, அதாவது இறால் வடை, விற்பவரின் கைகளை மட்டும் 120 சொற்களில் கேளுங்கள். 'பியூட்டிஃபுல்' உட்பட ஐந்து சொற்களுக்குத் தடை. சும்மா 15 நிமிடம் நின்று பார்த்து, குறிப்பெடுத்த தாளையும் இணைக்க வேண்டும். பார்க்காமல் எழுதியவரின் வடையில் இறாலே இருக்காது.