இடுப்பில் பீஸ், இடுப்பில் ஏறத் துடிக்கும் மகள்

2009 இல் கடைசிச் சண்டையில் மாத்தளனில் பட்ட செல் பீஸ் (குண்டுச் சிதறல்) ஒன்று இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. வன்னியில் எத்தனையோ பேர் இதோடுதான் தோட்டம் செய்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். மகள் நடக்கத் தொடங்கிய பிறகு எனக்கு நோ தாங்க முடியாமல் போய்விட்டது. கிளினிக்கில் எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கத் துண்டு எழுதித் தந்தார்கள். திகதி கிடைக்கவே மாதக்கணக்கானது.

விடிய முதலே வெளிக்கிட்டு, ஏ9 பஸ்ஸில் மகளை மடியில் வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். மத்தியானம் ஆகித்தான் பெயர் கூப்பிட்டார்கள்.

"உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?"

"செல் பீஸ் இருக்கு மிஸ்."

"துண்டில ஒண்டும் எழுதேல்லையே! திரும்பப் போய் டொக்டரிட்ட எழுதிக்கொண்டு வாங்கோ."

எம்ஆர்ஐ காந்தம் பீஸை அசைக்கலாம், சூடாக்கலாம். அதனால் எடுக்காதது சரிதான். ஆனால் என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே பீஸ் என்று எழுதியிருக்கிறது. துண்டு நிரப்பியவரும் பார்க்கவில்லை, திகதி தந்தவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மகள் நிலத்தில் படுத்துக் கிடந்து "தூக்கு, தூக்கு" என்று கத்துகிறாள். என்னால் குனிய முடியவில்லை. கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர்தான் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து அவளைத் தூக்கித் தந்தா.

பீஸ் உள்ளவர்கள் துண்டு வாங்கும்போதே அதில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள். பிறகு எனக்கு சிடி ஸ்கான் எடுத்தார்கள், ஒரு கரைச்சலும் இல்லை.

உண்மையில் உதவியது பிசியோதெரபி மிஸ்தான். மகளை நிலத்திலிருந்து தூக்குவதை நிற்பாட்டச் சொன்னா. நான் கதிரையில் இருப்பேன், அவள் சின்ன வாங்கில் ஏறி, அதிலிருந்து என் மடிக்கு வருவாள். முதல் கிழமை முழுக்க ஒரே அழுகை. இப்போது வாங்கைத் தானே இழுத்துக்கொண்டு வருகிறாள்! கிணற்றடியிலும் நான் இருந்துகொண்டுதான் வார்க்கிறேன். உடுப்பு மாற்றுவது கட்டிலில்.

நோக்குளிசைகளை மூடியுள்ள ரின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வையுங்கள், தலையணைக்குக் கீழே வேண்டாம். பிள்ளை கனக்கப் பனடோலை விழுங்கினால் ஈரல் பழுதாகும், ஆனால் முதல் நாள் ஒன்றும் தெரியாமலும் இருக்கும். சந்தேகம் என்றாலே 1990 க்குப் போன் அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு மகளைப் பக்கத்து வீட்டு அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். கேட்க முதலே அவ ஓமென்றுவிட்டா.