டெம்பெல்ஹோஃப் தரையிறக்கம்: லாட் 165 விமானத்தின் கடைசி நிமிடங்களை சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

1978 ஆகஸ்ட் 30 அன்று போலந்தின் க்தான்ஸ்க் நகரிலிருந்து கிழக்கு பெர்லினுக்கான ஷோனஃபெல்ட் விமான நிலையத்துக்குப் புறப்பட்ட, லாட் என்ற போலந்து நிறுவனத்தின் 165ஆம் எண் விமானம் கடத்தப்பட்டு, மேற்கு பெர்லினின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தில் இறங்கியது. அந்தப் பயணத்தின் இறுதிக் கட்டத்தை ஃப்ளைட் சிமுலேட்டரில் மீட்டுருவாக்கும் வேலையில் சில காலமாக ஈடுபட்டிருக்கிறேன். பகல்நேரத் தரையிறக்கம் இப்போது நிலையாகக் கைகூடுவதால், இதுவரை கண்டதைப் பதிவு செய்கிறேன்.

கடத்தியவர் டெட்லெஃப் டீட என்ற கிழக்கு ஜெர்மானியர். மேற்குக்குத் தப்பிச் செல்லப் போலி ஆவணங்களுடன் வரவேண்டிய மேற்கு ஜெர்மனி நண்பர் கைதாகிவிட்டதால், தாமும் தம்முடன் இருந்த தோழியும் அந்தத் தோழியின் சிறு மகளும் ஊர் திரும்பினால் சிறைதான் என்று அஞ்சி, ஓட்டப்பந்தயம் தொடங்கச் சுடும் துப்பாக்கி ஒன்றைக் காட்டி விமானத்தைத் திருப்ப வைத்தார்.

விமானம் சோவியத் தயாரிப்பான டுபொலேவ் 134. அதன் கருவிகள் உயரத்தை மீட்டரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் காட்டுகின்றன. மேற்கு பெர்லின் கட்டுப்பாட்டு அறையோ அடிக்கணக்கில் பேசும் உலகத்தைச் சேர்ந்தது. ஆயிரம் அடி என்றால் 305 மீட்டர் என்பதில் தொடங்கும் ஒரு சிறு அட்டவணையைத் திரைக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறேன். சக்கரங்களை இறக்கி, இறக்கை மடல்களை விரித்து, வேகம் குறைவதைக் கவனிக்கும் அதே வேளையில் அந்த அட்டவணையையும் பார்க்க நேர்வதால், விமானி அறையின் நெருக்கடியில் ஒரு சிறு பங்காவது கைக்குப் புரிகிறது.

என்னை மிகவும் பாதித்தது தூரம்தான். ஷோனஃபெல்டுக்கும் டெம்பெல்ஹோஃபுக்கும் இடையே ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ இரண்டரை நிமிடம்தான். கிழக்கிலிருந்து நெருங்கும் பாதையை அமைத்தபோது, கிழக்கு பெர்லினின் டிரெப்டோ பகுதிக்கும் மேற்கு பெர்லினின் நொய்கோல்ன் பகுதிக்கும் நடுவே ஓடிய பெர்லின் சுவர் விமானத்தின் மூக்குக்கு அடியில் வந்து, நான் மடல்களைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பின்னால் போய்விட்டது. தரையில் அதைக் கடக்க முயன்று உயிரிழந்தவர்களை நினைக்கும்போது, அந்தச் சில நொடிகளை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

சுவரைத் தாண்டியதும் நொய்கோல்னின் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி வருகின்றன. ஓடுபாதை சுமார் 2,100 மீட்டர். ஜெட் விமானத்துக்கு இது போதும் என்றாலும், கூரைகளுக்கு மேலே தாழ்வாக வந்து பாதையின் தொடக்கத்திலேயே சக்கரம் பதிக்க வேண்டும். மணிக்கு 260 கிலோமீட்டரை ஒட்டி வந்தால், எதிர்விசையும் பிரேக்கும் சேர்ந்து வசதியாக நிறுத்திவிடுகின்றன. 290இல் வந்தால் எதிர்முனை வேலி அச்சமூட்டும் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. மிரட்டலுக்கு நடுவே, இறங்கத் திட்டமிடாத ஒரு நகர நிலையத்தில் பயணிகளைப் பத்திரமாக இறக்கிய அந்தப் போலந்து விமானிகளின் திறமை இந்தக் கதையில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

பின்னர் நடந்ததும் அசாதாரணமானது. வழக்கை ஏற்க மேற்கு ஜெர்மனி தயங்கியதால், டெம்பெல்ஹோஃப் இருந்த பகுதியைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அமெரிக்கா பெர்லினுக்கென ஒரு நீதிமன்றத்தையே கூட்டியது. அரசுத் தரப்பின் எதிர்ப்பையும் மீறி, நீதிபதி ஹெர்பர்ட் ஸ்டெர்ன் பெர்லின்வாசிகளைக் கொண்ட ஜூரி விசாரணைக்கு உத்தரவிட்டார். 1979இல் ஜூரிகள் கடத்தல் குற்றச்சாட்டிலிருந்து டீடவை விடுவித்து, பிணைக்கைதியாகப் பிடித்துவைத்த குற்றத்தை மட்டும் உறுதி செய்தார்கள். காவலில் கழித்த காலமே தண்டனையாயிற்று. தப்பியோடும் உரிமையையும், துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டவரின் அச்சத்தையும் ஒருசேர மதித்த தீர்ப்பாகவே இதை நான் கருதுகிறேன். அந்த விமானத்தில் இருந்த வேறு சில கிழக்கு ஜெர்மானியர்களும் திரும்பிப் போகாமல் மேற்கிலேயே தங்கிவிட்டார்கள்.

அடுத்ததாக, மேற்கிலிருந்து இறங்கும் பாதையையும், ஈரமான ஓடுபாதையில் நிற்கத் தேவைப்படும் தூரத்தையும் சோதிக்கவிருக்கிறேன். 2008இல் மூடப்பட்ட நிலையத்தின் இன்றைய பூங்காத் தோற்றத்தை அகற்றி, வளைந்த பெருங்கூடத்தின் முன்னே 1978ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க விமானப்படை வாகனங்களை நிறுத்தும் வேலையும் பாதியில் இருக்கிறது.