பாமினியில் அடித்த அம்மாவின் கடிதங்களை மீட்டெடுத்த அனுபவம்

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு நாங்கள் வெளியிட்ட நினைவு மலரில், 2002 முதல் 2005 வரை அவர் கனடாவிலிருக்கும் அண்ணனுக்கு எழுதிய 41 மின்னஞ்சல்களைச் சேர்க்க முடிந்தது. அவற்றை மீட்டெடுக்க எனக்கு நான்கு மாதங்களும் கொழும்புக்கு ஒரு வீண் பயணமும் ஆயின. அந்தப் பயணத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கணினிக் கோப்புகளைச் சேமித்த பழைய பிளொப்பித் தகடுகளையும், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளையும் அலுமாரிக்குள் வைத்திருப்பவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் பலர் இருப்பீர்கள். அதனால் எங்கெங்கே பிழைத்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபோது நான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். அந்த ஆண்டே மட்டக்களப்பு திருமலை வீதியில் ஒரு கொமியூனிக்கேஷனில், அதாவது தொலைபேசி, இணையச் சேவைக் கடையில், தட்டெழுதும் வேலை கிடைத்தது. அங்கே மூன்று கணினிகளும் ஒரேயொரு தொலைபேசி இணைப்பும் இருந்தன. மோடம் கீச்சிட்டு இரைந்து இணைந்ததும் அந்த ஒரு இணைப்பைத்தான் விண்டோஸ் 98 மூன்று கணினிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. இணைப்பிலிருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு என்பதால், கடிதத்தை முதலில் நோட்பாடில் அடித்து பிளொப்பியில் சேமித்துக்கொண்டு, இணைப்புக் கிடைத்தவுடன் அதை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்புவது எங்கள் கடை வழக்கம். சனிக்கிழமைகளில் அம்மா கல்லடியிலிருந்து பஸ் ஏறிப் பாலம் கடந்து வருவார், எனக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு அமர்ந்து அண்ணன் எதிரே இருப்பதைப்போலப் பேசுவார். அவர் சொல்வதை ஓரெழுத்தும் மாற்றாமல் அடிப்பேன். அண்ணனின் ஹொட்மெயில் பெட்டி 2 மெகாபைட்தான் கொள்ளும் என்பதால் வாசித்த கடிதங்களை அவர் அழித்துக்கொண்டேயிருந்தார். 2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 கிகாபைட் இடத்தோடு வந்த பிறகும், அழைப்புக் கிடைத்து அவர் அங்கே மாறுவதற்கு வெகுகாலம் எடுத்தது.

ஆகவே அண்ணனிடம் ஒன்றுமில்லை. என்னுடைய யாகூ முகவரியை முயன்றபோது, ஆண்டுக்கணக்காகத் திறக்காத பெட்டி காலியாக்கப்பட்டிருந்தது. எஞ்சியது, கடையை மூடும்போது முதலாளி பிஸ்கட் ரின் ஒன்றில் போட்டுக் கையில் தந்த ஏழு பிளொப்பிகள் மட்டுமே. அவை பட்டணத்துக் கடையில் இருந்ததால்தான் தப்பின. கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது.

மட்டக்களப்பில் நான் கேட்ட கணினிக் கடைகள் எதிலும் பிளொப்பி வாசிக்கும் கருவி இருக்கவில்லை. கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் செய்வார்கள் என்று ஒருவர் சொன்னதை நம்பி, ஏழையும் எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் போனேன். அங்கே இருந்த இளைஞர் தொலைபேசியில் வேறு யாரோடோ கதைத்துக்கொண்டே, என் கண்முன்னே, மூன்றாம் இலக்க பிளொப்பியைக் கருவிக்குள் செருகினார். டிஸ்க் ஃபோர்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று திரையில் கேள்வி வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் ஆம் என்று அழுத்தி, அடுத்து வந்த பெட்டியிலும் அழுத்திவிட்டார். சில நொடிகளில் முடிந்தது. வெறுமையான சாளரத்தைக் காட்டி, “இதுல ஒண்டும் இல்ல அக்கா, வெற்று டிஸ்க்” என்றார். மூன்றாம் இலக்கத்தின் மேலே என் கையெழுத்தில் ‘டிசம்பர் – ஜனவரி’ என்று எழுதியிருந்தது. கடலுக்குப் பிறகு அம்மா அனுப்பிய முதற் கடிதம் அதற்குள்தான் இருந்தது. மன்னிப்பு என்ற சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. பார்த்ததற்குக் கட்டணம் கேட்டார். மூன்றாம் இலக்கத்தோடு மற்ற ஆறையும் பறித்துக்கொண்டு அன்றிரவே ஊர் திரும்பினேன்.

இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள்: பிளொப்பியை எவர் கையில் கொடுப்பதற்கு முன்னும் அதன் மூலையிலுள்ள சிறு பிளாஸ்ரிக் தாழை நகர்த்தி, துளை திறந்திருக்குமாறு விடுங்கள். துளை திறந்திருந்தால் கருவியால் வாசிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. அந்த ஒரு சிறு அசைவை நான் கொழும்புக்குப் போகுமுன் செய்திருந்தால் இந்த நான்கு மாதத்தில் பாதி மிஞ்சியிருக்கும். ஃபோர்மட் செய்யவா என்று கேட்டால் இல்லை என்று மட்டுமே பதில் சொல்லுங்கள்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகன்தான் இதற்குப் பிறகு கைகொடுத்தான். யுஎஸ்பியில் பொருத்தும் பிளொப்பிக் கருவியொன்றை வருவித்தோம். முதலில் உலோக மூடியை விரலால் ஒதுக்கி, நடுவிலிருக்கும் வட்டத்தை மெல்லச் சுழற்றி, உள்ளேயிருக்கும் கறுப்புத் தகட்டை வெளிச்சத்தில் பார்த்தான். இரண்டில் கடற்கரை ஈரத்தால் வெண்பூஞ்சணம் மாவு தூவினதுபோலப் படிந்திருந்தது. பூஞ்சணத்தோடு செருகினால் கருவியின் வாசிப்புமுனையும் கெட்டு, அடுத்துப் போடும் நல்ல பிளொப்பியையும் கீறிவிடும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்தும் அவ்விரண்டும் வாசிக்கவில்லை.

மற்றவற்றைத் திறந்து கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரதியெடுக்கப் போன என்னை அவன் தடுத்தான். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவியால் ஒவ்வொரு பிளொப்பியையும் அப்படியே முழுமையாக ஒரு கோப்பாகப் படியெடுத்தான். 512 பைட் கொண்ட 2,880 துண்டுகள், அதுதான் ஒரு பிளொப்பி. வாசிக்க மறுக்கும் துண்டை விட்டுவிட்டு முன்னே போய், கடைசியில் திரும்பிவந்து மீண்டும் முயல்வது அந்தக் கருவியின் வழி. பழுதான தகட்டை ஒவ்வொரு முறையும் சுழற்றித் தேய்க்காமல், ஒருமுறை படியெடுத்துவிட்டுப் பிறகு படியில் வேலை செய்ய வேண்டும் என்பதை அவனிடம்தான் கற்றேன். நான்கு பிளொப்பிகள் இப்படி எளிதாக முடிந்தன.

மூன்றாம் இலக்கத்தில்தான் நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். கொழும்பில் நடந்தது விரைவு ஃபோர்மட் என்றும், அது கோப்புகளின் அட்டவணையைத்தான் புதிதாக எழுதும், எழுத்துகள் தகட்டில் அப்படியே கிடக்கும் என்றும் சொல்லி, முழுப் படியையும் திறந்து வைத்துவிட்டு எதைத் தேடுவது என்று கேட்டான். அம்மா எந்தக் கடிதத்தையும் ‘அம்மா’ என்று சொல்லாமல் முடித்ததில்லை. பாமினியில் அந்தச் சொல், ஆங்கில விசைகளில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அரைப்புள்ளிதான் புள்ளியெழுத்தின் புள்ளி. இந்த ஐந்து விசைகளையும் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் என் விரல்கள் பார்க்காமலே அடித்தன. பதினோரு இடங்களில் கிடைத்தன. “சின்னம்மா, வந்து பாருங்க” என்று அவன் ஏழாவதைக் காட்டினான். இரண்டே வரிகள்: “மகன், நாங்க எல்லாரும் உயிரோட இரிக்கம். வீடு இல்ல, அத யோசியாத. அம்மா.” சுனாமிக்கு மூன்றாம் நாள் கடை திறந்தபோது, வேறு யாரோ கொடுத்த சேலையோடு வந்து அதே முக்காலியில் அமர்ந்து அம்மா சொன்னது அது. அன்று அடித்து முடிக்கும்வரை நான் அழவில்லை. இம்முறை அப்படி இருக்க முடியவில்லை.

பாமினியிலிருந்து, இன்றைய கணினிகள் எல்லாம் வாசிக்கும் யுனிகோடுக்கு மாற்றுவது எளிதென்று நினைத்தேன். சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் என்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டியவுடன் தமிழ் வந்துவிட்டது. ஆனால் பாமினி, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தியிருக்கும் எழுத்துரு. எது உண்மையான ஆங்கிலம், எது தமிழ் என்று மாற்றிக்குத் தெரிய வழியில்லை. டொரொண்டோ என்று ஆங்கிலத்தில் அடித்திருந்த இடமெல்லாம் ‘வுழசழவெழ’ என்று மாறிவந்தது. அண்ணனின் முகவரி, மருந்துப் பெயர்கள், விமான இலக்கங்களின் எழுத்துகள் எல்லாம் இப்படியே சிதைந்தன. பதில் கடிதங்களில் மேற்கோளாக வரும் வரிகளின் தொடக்கத்தில் நிற்கும் கோண அடையாளம் பாமினியில் கால்புள்ளி என்பதால், வரிக்கு வரி முன்னால் கால்புள்ளி முளைத்தது. ஆங்கிலத் துண்டுகளை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, தமிழை மட்டும் மாற்றி, பிறகு பழைய இடங்களில் பொருத்துவதே வழி. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருந்ததால்தான் எனக்கு அது முடிந்தது.

இரண்டு கிழமை இருந்து திருத்தி, யுனிகோட் கோப்பை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அங்கே பக்கம் அமைப்பவர், தாங்கள் வேலை செய்வது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், அது யுனிகோட் தமிழை ஏற்காது, “பாமினியில கொண்டு வாங்க” என்றார். எந்த எழுத்துருவிலிருந்து இவ்வளவு பாடுபட்டு வெளியே எடுத்தேனோ அதற்குள்ளேயே திரும்பப் போட வேண்டியதாயிற்று. கல்வெட்டு எனப்படும் அஞ்சலிப் பிரசுரமோ நினைவு மலரோ அடிக்கப் போகிறவர்கள், எந்த வடிவத்தில் கோப்பு வேண்டும் என்பதை முதல் நாளே அச்சகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திவசத்துக்கு ஆறு நாள் இருக்க ஒப்புப்படி வந்தது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர், நல்ல எண்ணத்தோடுதான், அம்மாவின் பேச்சை முழுக்கத் திருத்தியிருந்தார். ‘இரிக்கம்’ எல்லாம் ‘இருக்கிறோம்’ ஆகியிருந்தது, ‘இஞ்ச’ எல்லாம் ‘இங்கே’ ஆகியிருந்தது. அந்தக் கடிதங்களில் என் அம்மாவின் குரல் இல்லை. மேசையில் இடம் கேட்டு அமர்ந்து, மூலக் கோப்பைப் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினேன். மெய்ப்பாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். சுனாமிக் கடிதத்தை வாசித்த பிறகு தானும் ஒரு பேனையை எடுத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். மாலை ஆறரைக்கு முடித்தோம். மலரின் ஒன்பதாம் பக்கத்தில் ‘இரிக்கம்’ என்றே அச்சாகியிருக்கிறது.