யாரும் எழுதாத மெத்தட்

"அண்ணா, இந்த மெத்தட் எந்த ஃபைல்லயும் இல்ல. ஆனா ஓடுதே?"

புதிதாகச் சேர்ந்த தம்பி இன்று மதியம் கேட்டான். திரையில் ரெயில்ஸ் கோடு: யூசர்.ஃபைண்ட்_பை_ஈமெயில். (ரெயில்ஸ் என்பது ரூபி என்ற புரோகிராமிங் மொழியில் வெப் ஆப் கட்ட உதவும் கருவி; மெத்தட் என்பது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் கோடு. இந்த மெத்தட், ஈமெயிலை வைத்து ஒரு பயனரைத் தேடும்.)

உண்மைதான், யாரும் அதை எழுதவில்லை.

ரூபி அந்தப் பெயரைத் தேடும். எங்கும் இல்லையென்றால், கைவிரிப்பதற்கு முன், இதற்கென்றே இருக்கும் மெத்தட்_மிஸ்ஸிங் என்ற மெத்தடைக் கூப்பிடும். அங்கே ரெயில்ஸ் பெயரைப் பிரித்து, டேட்டாபேஸ் டேபிளில் ஈமெயில் என்ற நெடுவரிசை இருக்கிறதா என்று பார்த்து, அந்த மெத்தடை அப்போதே உருவாக்கிவிடும். அடுத்த முறை கூப்பிட்டால் மெத்தட்_மிஸ்ஸிங் பக்கமே போகாது!

ஓடும்போதே தன்னை எழுதிக்கொள்ளும் புரோகிராம். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம், நாமே மெத்தட்_மிஸ்ஸிங்கை எழுதினால், 'இந்த மெத்தட் தெரியுமா' என்பதற்குப் பதில் சொல்லும் ரெஸ்பாண்ட்_டு_மிஸ்ஸிங்கையும் கட்டாயம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆப்ஜெக்ட்டிடம் 'இது உனக்குத் தெரியுமா' என்றால் தெரியாது என்று சொல்லும், ஆனால் கூப்பிட்டால் செய்துவிடும். அடுத்து அந்தக் கோடைப் படிப்பவர் பாடு திண்டாட்டம்.